பழைய யூஎஸ்பி பிரிண்டரை வீட்டு வைஃபையில் ஏற்றுவது

நன்றாக உழைக்கும் லேசர் பிரிண்டர் ஒன்று மேசையில் இருக்கிறது. அதற்கு வைஃபை கிடையாது, பின்னால் ஒரே ஒரு யூஎஸ்பி துளை. ஒவ்வொரு முறையும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கேபிளைச் செருக வேண்டும். ஃபோனிலிருந்து பிரிண்ட் எடுக்க வழியே இல்லை. இதற்காகப் புதுப் பிரிண்டர் வாங்க வேண்டாம். கையகல லினக்ஸ் கணினி ஒன்றைப் பிரிண்டர் பக்கத்தில் வைத்து, அதில் கப்ஸ் என்ற அச்சு மேலாண்மை மென்பொருளை ஓடவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது பிரிண்ட் சர்வர் ஆகிவிடும்.

சர்வரை நிறுவுவது அரை மணி நேர வேலைதான். ஆனாலும் பலர் பாதி வழியில் அலுத்துப்போய்க் கைவிடுகிறார்கள். பிரிண்டர் எந்த மொழி பேசுகிறது என்று பார்க்காமலே கணினிப் போர்டை வாங்கிவிடுவதால் வரும் வினை இது. அதனால் கணினியைப் பற்றி யோசிக்குமுன் பிரிண்டரைப் பார்ப்போம்.

(கட்டளைப் பெயர்கள் இங்கே வாயால் சொல்கிற மாதிரி எழுதப்பட்டுள்ளன. தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.)

பிரிண்டர் பேசும் மொழி

ஒரு பக்கம் தாளில் விழுமுன் யாராவது அதைப் புள்ளிகளாக மாற்றியாக வேண்டும். பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் புரிந்துகொள்ளும் பிரிண்டரில் அந்த வேலையைச் செய்ய உள்ளேயே ஒரு புராசசர் இருக்கும். "இந்த எழுத்து, இந்த அளவு, இந்த இடம்" என்று சொல்லிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். விலை குறைந்த பிரிண்டர்களில் இந்த மூளை கிடையாது. கணினியே புள்ளிகளாக மாற்றி, தயாரிப்பாளர் தனக்கென வகுத்த முறையில் சுருக்கி அனுப்ப வேண்டும். இவற்றை ஹோஸ்ட் பேஸ்டு அல்லது ஜிடிஐ பிரிண்டர் என்பார்கள். எச்பி லேசர்ஜெட் 1020, பி1007, கேனான் எல்பிபி2900 எல்லாம் இந்த வகை.

இது எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ4 தாள் 600 டிபிஐயில் ஏறத்தாழ 4960 × 7016 புள்ளிகள். கறுப்பு வெள்ளை என்றால் புள்ளிக்கு ஒரு பிட், ஆக ஒரு பக்கத்துக்கு 4.3 மெகாபைட். அதே தாள் 24 பிட் கலரில் 104 மெகாபைட். சுருக்குவதற்கு முன் சர்வரின் புராசசர் கடந்தாக வேண்டிய அளவு இது. கறுப்பு வெள்ளை லேசருக்குச் சின்னப் போர்டு போதும் என்றும், ஃபோட்டோ அச்சிடும் இங்க்ஜெட்டுக்குக் கொஞ்சம் வலுவான கணினி வேண்டும் என்றும் சொல்வது இதை வைத்துத்தான்.

பிரிண்டரின் விவரக் குறிப்பில் மொழி பற்றி ஒரு வரி இருக்கும். அதில் பிசிஎல் 5, பிசிஎல் 6, போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 என்று எதையாவது கண்டால் கவலையை விடலாம், எந்தக் கணினியிலும் ஓடும். ஹோஸ்ட் பேஸ்டு, கேப்ட், இசட்ஜேஎஸ், எஸ்பிஎல் என்று இருந்தால் அந்த மொழிக்குத் திறந்தமூல டிரைவர் இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரும்பாலும் கிடைக்கும். பழைய எச்பி லேசர்களுக்கு எச்பிலிப் அல்லது ஃபூ2இசட்ஜேஎஸ், பிரதர் லேசர்களில் பலவற்றுக்கு பிஆர்லேசர், எஸ்பிஎல் பேசும் சாம்சங்குக்கு ஸ்ப்ளிக்ஸ், எப்சன் இங்க்ஜெட்டுகளுக்கு இஎஸ்சிபிஆர், வேறு பல பழைய இங்க்ஜெட்டுகளுக்குக் குட்டன்பிரிண்ட். இவை எல்லாம் டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைப்பவை. மூல நிரல் திறந்திருப்பதால் எந்த வகைப் புராசசருக்கும் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

தயாரிப்பாளர் தரும் மூடிய லினக்ஸ் டிரைவரில்தான் பொறி இருக்கிறது. "லினக்ஸ் ஆதரவு உண்டு" என்று இணையதளத்தில் போட்டிருக்கும். இறக்கிப் பார்த்தால் இன்டெல், ஏஎம்டி புராசசர்களுக்கு மட்டும் தொகுத்ததாக இருக்கும். ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினியின் புராசசர் ஏஆர்எம் என்ற வேறு வகை. அதில் இந்த டிரைவர் நிறுவப்பட்டது போலத் தெரியும், பிரிண்ட் வரிசைகூட உருவாகும், பிரிண்ட் கொடுத்ததும் "ஃபில்டர் ஃபெயில்டு" என்று நின்றுவிடும். லாகில் (பதிவுக் கோப்பில்) "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்ற வரி தென்பட்டால் வேறு காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், புராசசர் மாறிய டிரைவர்தான். எல்பிபி2900க்கு கேனான் தரும் கேப்ட் டிரைவர் இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பிரிண்டர் இருந்தால் ராஸ்பெரி பையை மறந்துவிட்டுப் பழைய லேப்டாப் ஒன்றை எடுப்பதே புத்திசாலித்தனம்.

கொஞ்சம் புதிய பிரிண்டர்களில் யூஎஸ்பி வழியாகவே ஐபிபி என்ற பொதுவான அச்சு நெறிமுறையில் பேசும் வசதி இருக்கும். அப்படி இருந்தால் டிரைவரே வேண்டாம், ஐபிபி-யூஎஸ்பி என்ற தொகுப்பு போதும். கண்டுபிடிக்க, யூஎஸ்பியில் செருகியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை விவரத்தோடு ஓட்டி, இன்டர்ஃபேஸ் கிளாஸ் 7, சப்கிளாஸ் 1, புரோட்டோகால் 4 என்ற மூன்று எண்கள் சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். புரோட்டோகால் 2 மட்டும் வந்தால் அது பழைய பாணி, டிரைவர் தேவை.

எதை சர்வராக வைப்பது

ரவுட்டரிலேயே யூஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் செருகினால் ஆகாதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். ஆகும், ஆனால் அரைகுறையாக. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல இயங்குதளம் போட்ட ரவுட்டரில் பி910என்டி என்ற குட்டி நிரல் ஓடும். 9100ஆம் போர்ட்டில் வருவதை அப்படியே யூஎஸ்பியில் தள்ளிவிடுவது மட்டுமே அதன் வேலை. வரிசை வைக்காது, மொழிபெயர்க்காது. எனவே ஒவ்வொரு கணினியிலும் அந்தப் பிரிண்டரின் சொந்த டிரைவர் இருக்க வேண்டும். ஃபோன்களுக்கு அது கண்ணிலேயே படாது. வீட்டில் இரண்டு லேப்டாப், ஃபோன் பிரிண்ட் தேவையில்லை, பிரிண்டரும் பிசிஎல் பேசுகிறது என்றால் இதைவிட எளிய வழி கிடையாது. கடையில் விற்கும் சின்ன யூஎஸ்பி பிரிண்ட் சர்வர் பெட்டிகளும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன. ஹோஸ்ட் பேஸ்டு பிரிண்டரோடு அவை அடிக்கடி மக்கர் செய்யும். வாங்குமுன் ஆதரிக்கும் மாடல் பட்டியலைப் பார்க்காமல் விட்டால் பணம் போச்சு.

மேசைக் கணினியில் பிரிண்டரைச் செருகி விண்டோஸில் ஷேர் செய்வது இன்னொரு வழி. அந்தக் கணினி தூங்கினால் பிரிண்டரும் தூங்கிவிடும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கப்ஸ் ஓட்ட ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். 512 எம்பி ரேம், நான்கு கோர். கறுப்பு வெள்ளை லேசருக்கு இது தாராளம். ஜீரோவில் இருப்பது மைக்ரோ யூஎஸ்பி துளை, ஆகவே ஓடிஜி அடாப்டர் ஒன்று வேண்டும். பக்கம் பக்கமாக இரண்டு துளைகள் உண்டு, ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு மட்டும். அடாப்டரை அதில் செருகிவிட்டுப் பிரிண்டர் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. இன்னொன்று, ஜீரோவின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். கலர் இங்க்ஜெட், அதில் ஃபோட்டோ என்றால் பை 4 அல்லது பழைய லேப்டாப். பழைய லேப்டாப்பில் ஒரு கூடுதல் வசதி, மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்கும். மூடியை மூடினால் தூங்காதபடி லாகின்டி அமைப்புக் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் வரியை இக்னோர் என்று மாற்றிவிட்டால் அலமாரியில் மூடியே வைத்துவிடலாம்.

கேபிள் ஏ-பி வகை, வழக்கமான பிரிண்டர் கேபிள். யூஎஸ்பி 2.0க்கு 5 மீட்டர்தான் எல்லை, இரண்டு மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. போர்டின் பவர் அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கிடைத்த ஃபோன் சார்ஜரைச் செருகினால் மின்னழுத்தம் இறங்கும், யூஎஸ்பி அவ்வப்போது அறுந்து ஒட்டும், பழியெல்லாம் பிரிண்டர் மேல் விழும்.

நிறுவுதல்

ராஸ்பெரி பை ஓஎஸ் லைட் போதும், டெஸ்க்டாப் தேவையில்லை. மெமரி கார்டில் எழுதும்போதே இமேஜர் நிரலில் கணினிப் பெயர், பயனர் பெயர், வைஃபை விவரம், எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் மானிட்டர், கீபோர்டு எதுவும் தேவைப்படாது.

முதல் முறை ஓடியதும் ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரி ஒதுக்கும்) பக்கத்துக்குப் போய், போர்டின் மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபியை ஒதுக்க வேண்டும். உதாரணத்துக்கு 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். போர்டுக்குள்ளேயே நிலையான ஐபி எழுதுவதைவிட இதுதான் மேல். நாளைக்கு ரவுட்டரை மாற்றினாலும் போர்டு ஏதோ ஒரு முகவரி பெற்று எட்டும் தூரத்தில் இருக்கும்.

பிறகு எஸ்எஸ்எச்சில் நுழைந்து தொகுப்புப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, கப்ஸ், அவாஹி-டீமன் (பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் நிரல்), தேவையான டிரைவர் தொகுப்பு மூன்றையும் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை கொண்டு நிறுவ வேண்டும். டிரைவர் தொகுப்புகளின் பெயர் பெரும்பாலும் "பிரிண்டர்-டிரைவர்-" என்று தொடங்கும். ஆப்ட் சர்ச் செய்தால் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

அடுத்து இரண்டே கட்டளைகள். யூசர்மாட் கொண்டு நம் பயனரை எல்பிஅட்மின் குழுவில் சேர்ப்பது ஒன்று. சேர்த்தபின் வெளியேறி மறுபடி நுழைவது பாதுகாப்பு. கப்ஸ்சிடிஎல் கட்டளைக்கு ரிமோட்-அட்மின், ஷேர்-பிரிண்டர்ஸ் என்ற இரண்டு தேர்வுகளைக் கொடுப்பது மற்றொன்று. இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகளில் ரிமோட்-எனி என்ற மூன்றாவதும் இருக்கும். அது வேண்டாம். முதல் இரண்டும் ஒரே சப்நெட்டில், அதாவது அதே வீட்டு நெட்வொர்க்கில், உள்ள கருவிகளை மட்டும் அனுமதிக்கின்றன, வீட்டுக்கு அது போதும். மூன்றாவது எங்கிருந்து வந்தாலும் கதவைத் திறந்துவிடும்.

இப்போது லேப்டாப் பிரவுசரில் 192.168.1.50:631 என்று தட்டினால் கப்ஸின் பக்கம் வரும். நிர்வாகப் பகுதிக்குள் போகும்போது எச்டிடிபிஎஸ்சுக்கு மாறி, சான்றிதழ் நம்பகமானதல்ல என்று பிரவுசர் கத்தும். சர்வர் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழ் அது, தாண்டிப் போகலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் போர்டின் பயனர் விவரத்தைக் கொடுக்க வேண்டும்.

"ஆட் பிரிண்டர்" அழுத்தினால் லோக்கல் பிரிண்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் நம் பிரிண்டர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எல்எஸ்யூஎஸ்பி. அதிலும் இல்லை என்றால் கேபிள், அடாப்டர், துளை இவற்றில்தான் கோளாறு, மென்பொருளைத் தொடவே வேண்டாம். எல்எஸ்யூஎஸ்பியில் 03எஃப்0 என்று தொடங்கினால் எச்பி, 04ஏ9 கேனான், 04எஃப்9 பிரதர், 04பி8 எப்சன். அங்கே இருந்தும் கப்ஸில் இல்லை என்றால் எல்பிஇன்ஃபோ கட்டளையை மைனஸ் வி-யோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐபிபி-யூஎஸ்பி தொகுப்பு ஏற்கெனவே பிரிண்டரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் யூஎஸ்பி முகவரியைத் தேடாமல், நெட்வொர்க் பிரிண்டராகத் தெரிவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பிரிண்டரை இரண்டு வழியிலும் பிடிக்க முயன்றால் இரண்டும் சொதப்பும்.

பெயர் வைக்கும்போது இடைவெளி, சாய்கோடு, ஹேஷ் குறி கூடாது. "லேசர்" என்று ஒற்றைச் சொல் போதும், இந்தப் பெயர் முகவரியின் பகுதியாக வரப்போகிறது. "ஷேர் திஸ் பிரிண்டர்" பெட்டியில் டிக் போட மறக்க வேண்டாம். மாடலைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் தாள் அளவை ஏ4 ஆக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பல டிரைவர்களில் லெட்டர் அளவே நிற்கும். ஏ4 210 × 297 மிமீ, லெட்டர் 216 × 279 மிமீ. வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் பிரிண்டர் தாள் பொருந்தவில்லை என்று விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றுவிடும், அல்லது அடி வரி வெட்டுப்படும். பிரிண்டர் பேனலில் பட்டனை அழுத்தினால் அந்தத் தாள் மட்டும் வரும், அடுத்த முறை மறுபடி அதே கதை.

கடைசியாக மெயின்டனன்ஸ் பட்டியலில் டெஸ்ட் பேஜ். இது ஒழுங்காக வராமல் ஃபோன், விண்டோஸ் எதையும் தொடக்கூடாது. சர்வரிலிருந்து பிரிண்டர் வரையிலான பாதை சரி என்று உறுதியானால், அதன்பின் ஃபோனையோ கணினியையோ சேர்க்கும்போது வரும் கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் என்று சொல்லலாம்.

ஃபோனும் கணினியும்

ஐஃபோன், ஐபேட், மேக் மூன்றுக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பகிர்ந்த வரிசையை அவாஹி எம்டிஎன்எஸ் (ஒரே நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறை) மூலம் அறிவிக்கும், ஏர்பிரிண்ட் பட்டியலில் தானே வந்துவிடும். 2010இல் ஏர்பிரிண்ட் வந்த புதிதில் இதற்காகத் தனிக் கோப்புகள் எழுத வேண்டியிருந்தது. இன்றைய கப்ஸில் தேவையில்லை, அந்தப் பழைய குறிப்புகளைப் பின்பற்றினால் ஒரே பிரிண்டர் இரண்டு முறை தெரியும். ஆண்ட்ராய்டில் 8ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கும் டிஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ் கண்டுபிடித்துவிடும். செட்டிங்ஸில் அது அணைந்திருந்தால் மட்டும் இயக்க வேண்டும்.

விண்டோஸ் 10, 11இலும் பெரும்பாலும் தானாகவே தெரியும். தெரியாவிட்டால் கையால் சேர்க்கலாம். பெயர் கேட்கும் இடத்தில் எச்டிடிபி, அதன்பின் 192.168.1.50:631, அதன்பின் சாய்கோடு பிரிண்டர்ஸ் சாய்கோடு வரிசைப் பெயர். டிரைவர் கேட்டால் மைக்ரோசாஃப்ட் தலைப்பின் கீழ் இருக்கும் ஐபிபி கிளாஸ் டிரைவர், அது இல்லையென்றால் பிஎஸ் கிளாஸ் டிரைவர். பிரிண்டர் தயாரிப்பாளரின் டிரைவரை இங்கே தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் விண்டோஸே பிரிண்டர் மொழிக்கு மாற்றி அனுப்பும், சர்வர் அதை இன்னொரு முறை மாற்றப் பார்க்கும் அல்லது புரியாமல் தள்ளிவிடும். மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் மட்டும் நடக்க வேண்டும், அந்த இடம் சர்வர்.

தாளில் குப்பை வந்தால் அதையே வாசித்துக் காரணம் கண்டுபிடிக்கலாம். முதல் வரி %! என்று தொடங்கி பிஎஸ்-அடோபி என்று தொடர்ந்தால், போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரல் மாற்றப்படாமலே பிரிண்டருக்குப் போயிருக்கிறது, அதாவது சர்வரில் வரிசை ரா (எதையும் மாற்றாமல் அனுப்பும்) வகையாக இருக்கிறது. @ குறியோடு பிஜேஎல் என்று வரிகள் வந்தால் யாரோ பிசிஎல் டிரைவரோடு அனுப்புகிறார்கள், பிரிண்டருக்கு அது தெரியவில்லை. மூலையில் ஒரே ஒரு விசித்திர எழுத்து மட்டும் அச்சாகி, பக்கம் பக்கமாக வெள்ளைத்தாள் தள்ளிக்கொண்டே போனால் மாடல் தவறு. உடனே தாள் தட்டை இழுத்துவிட்டு, வரிசையிலிருந்து வேலையை ரத்து செய்துவிட்டு, அதன்பின் பிரிண்டரை அணைத்துப் போட வேண்டும். வரிசையைக் காலி செய்யாமல் பிரிண்டரை மட்டும் அணைத்தால், மறுபடி போட்டதும் அதே குப்பை முதலிலிருந்து வரும்.

மக்கர் செய்யும் இடங்கள்

லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு ஒரு தனிக் குணம். பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் அதற்குள் தங்காது. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினி அதை அனுப்பிவைக்க வேண்டும். அனுப்பாவிட்டால் பிரிண்டர் பிழை எதுவும் காட்டாது, வேலைகளை விழுங்கிவிட்டு மௌனமாக இருக்கும். கப்ஸில் "கம்ப்ளீட்டட்" என்றே வரும். ஆதலால் "நேற்று நன்றாக ஓடியது, மின்சாரம் போய் வந்தபின் வரவில்லை" என்றால் முதல் சந்தேகம் இதன்மேல். ஃபூ2இசட்ஜேஎஸ்சோடு வரும் யூஎஸ்பி_பிரிண்டர்ஐடி என்ற நிரலை டெவ் கோப்புறையின் யூஎஸ்பி எல்பி0 மீது ஓட்டினால் பிரிண்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரி வரும். அதில் எஃப்டபிள்யூவெர் என்ற சொல் இருந்தால் ஃபர்ம்வேர் ஏறியிருக்கிறது, இல்லையென்றால் ஏறவில்லை. எச்பிலிப் வழியில் போனால் எச்பி-ப்ளகின் ஒருமுறை ஃபர்ம்வேரை இறக்கும், பின் தானே ஏற்றும். இரண்டு டிரைவரையும் சேர்த்து நிறுவ வேண்டாம். யார் ஏற்றுவது என்று இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அடுத்தது, ஒருமுறை ஏதோ பிழை வந்தபின் வரிசையே நின்றுபோவது. ஃபோனில் அனுப்புகிறோம், போனதாகச் சொல்கிறது, தாள் வரவில்லை, எல்லா வேலையும் சர்வரில் குவிகிறது. கப்ஸில் பிழைக் கொள்கை இயல்பாக ஸ்டாப்-பிரிண்டர். ஒரு பிழை வந்தால் வரிசையை நிறுத்திவிட்டு, நிர்வாகி வந்து ரெஸ்யூம் அழுத்தக் காத்திருக்கும். அலுவலகத்துக்கு அது பொருந்தலாம், வீட்டில் நிர்வாகி சமையலறையில் இருப்பார். எல்பிஅட்மின் கட்டளையால் பிரிண்டர்-எரர்-பாலிசியை ரீட்ரை-கரண்ட்-ஜாப் அல்லது அபார்ட்-ஜாப் என்று மாற்ற வேண்டும். வீட்டுக்கு அபார்ட்-ஜாப்தான் சரி. கெட்டுப்போன ஒரு கோப்பு வரிசையை மறித்துக்கொண்டு நிற்காது, போனால் அது மட்டும் போகும். ஏற்கெனவே நின்ற வரிசையை எழுப்ப கப்ஸ்எனேபிள் கட்டளையும் வரிசைப் பெயரும் போதும்.

முதல் பிரிண்ட் வருகிறது, இரண்டாவது வர யூஎஸ்பியைப் பிடுங்கிச் செருக வேண்டியிருக்கிறது என்றால் அது இருவழிப் பேச்சின் கோளாறு. சில பிரிண்டர்கள் பதில் சொல்லும் பாதையில் தடுமாறும். கப்ஸ் இதற்கென்றே குவர்க்ஸ் கோப்பு ஒன்று வைத்திருக்கிறது, யூஎஸ்ஆர் ஷேர் கப்ஸ் யூஎஸ்பி கோப்புறைக்குள். எல்எஸ்யூஎஸ்பியில் கண்ட இரண்டு எண்களையும் 0எக்ஸ் முன்னொட்டோடு ஒரு வரியில் எழுதி, பக்கத்தில் யூனிடிர் என்று சேர்த்தால் ஒருவழியாக மட்டும் அனுப்பும். மை அளவு தெரியாமல் போகலாம், பிரிண்ட் வரும். அது போதாவிட்டால் நோ-ரீஅட்டாச் சேர்த்துப் பார்க்கலாம்.

ஃபோன் பிரிண்டரைக் காணவில்லை, ஆனால் 631ஆம் போர்ட் பக்கம் அதே ஃபோனின் பிரவுசரில் திறக்கிறது என்றால் எம்டிஎன்எஸ் மட்டும் வழியில் சிக்கியிருக்கிறது. அது 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் யூடிபி 5353ஆம் போர்ட்டில் போகும், ஒரு சப்நெட்டைத் தாண்டாது. பிரவுசரிலும் பக்கம் திறக்கவில்லை என்றால் இரண்டு கருவிகளுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது. ஃபோன் கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம், ரவுட்டரில் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத ஏபி ஐசொலேஷன் இயங்கலாம், அல்லது பின்னறைக்கு என்று போட்ட இரண்டாவது ரவுட்டர் தனி நெட்வொர்க் நடத்திக்கொண்டிருக்கலாம். கடைசியதுதான் அதிகம் நடப்பது. அந்த இரண்டாவது ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது.

பிரிண்டர் சில நேரம் தெரிகிறது, சில நேரம் இல்லை என்பது வேறு நோய். போர்டின் வைஃபை மின்சேமிப்பு முறையில் கண்ணயர்ந்து, மல்டிகாஸ்ட் கேள்விகளைத் தவறவிடும். என்எம்சிஎல்ஐ கட்டளையால் அந்த இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினால் மின்சேமிப்பு அணைந்துவிடும். ரவுட்டர் பக்கத்திலேயே பிரிண்டர் இருந்து, கணினியிலும் லேன் துளை இருந்தால் லேன் கேபிளைச் செருகிவிட்டு இந்தத் தலைவலியையே ஒழித்துக்கட்டலாம்.

பிரவுசரில் ஐபி தட்டினால் பக்கம் வருகிறது, கணினிப் பெயரைத் தட்டினால் "பேட் ரிக்வெஸ்ட்" வருகிறதா? கப்ஸ் தனக்குத் தெரியாத பெயரில் யாரும் கூப்பிட்டால் பதில் சொல்லாது. கப்ஸ்டி அமைப்புக் கோப்பில் சர்வர்அலியாஸ் என்று எழுதி அந்தப் பெயரைச் சேர்த்து கப்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். "ஃபர்பிடன்" வந்தால் அனுமதிச் சிக்கல், அந்தக் கோப்பில் அலோவ் @லோக்கல் வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்டில் ஃபயர்வால் போட்டிருந்தால் டிசிபி 631, யூடிபி 5353 இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

தமிழில் எழுதியவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஃபோனிலிருந்தோ விண்டோஸிலிருந்தோ அனுப்பினால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்து வரும், தமிழ் சரியாக அச்சாகும். சர்வரில் இருந்து வெறும் டெக்ஸ்ட் கோப்பை எல்பி கட்டளையால் நேரடியாக அனுப்பினால்தான் கட்டம் கட்டமாக வரும், எழுத்துரு நிறுவினாலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். கப்ஸின் டெக்ஸ்ட் ஃபில்டர் எழுத்து எழுத்தாக வைத்துக்கொண்டே போவதோடு சரி, நம் எழுத்துக் கூட்டல் அதற்குத் தெரியாது. லிப்ரெஆஃபிஸில் திறந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதே வழி.

எதற்கும் அடங்காத கோளாறு என்றால் கப்ஸ்சிடிஎல் டீபக்-லாகிங் கொடுத்து, வார் லாக் கப்ஸ் கோப்புறையில் எரர்_லாக் கோப்பை இன்னொரு திரையில் ஓடவிட்டு, ஒரே ஒரு பக்கம் அனுப்ப வேண்டும். ஜாப் எண்ணோடு வரிகள் ஓடும். கடைசியில் இருக்கும் பிழையை விட்டுவிட்டு, அந்த ஜாப் எண்ணில் முதலில் வந்த பிழையைப் பார்க்க வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் எதிரொலி. வேலை முடிந்ததும் நோ-டீபக்-லாகிங் கொடுத்து அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும்.

கதவைச் சாத்துவது

வெளியூரிலிருந்தும் பிரிண்ட் அனுப்பலாமே என்று ரவுட்டரில் 631ஐ இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம். 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணை நிரலிலும் அதன் கூட்டாளிகளிலும் வரிசையாக ஓட்டைகள் வெளிவந்தன. யூடிபி 631 திறந்திருந்தால் வெளியாள் ஒரு போலிப் பிரிண்டரைச் சேர்த்து, அதில் பிரிண்ட் கொடுக்கும்போது தன் கட்டளையை ஓடவிட முடியும் என்ற அளவுக்கு. கப்ஸ்-பிரவுஸ்டு வேலை செய்வது மற்ற சர்வர்களின் பிரிண்டர்களைத் தேடிச் சேர்ப்பதற்கு. நம் சர்வருக்கு அது தேவையே இல்லை, நிறுவப்பட்டிருந்தால் சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் செய்துவிடலாம். வெளியிலிருந்து அனுப்பியே ஆக வேண்டும் என்றால் விபிஎன் வழியாக.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. அச்சிட்ட கோப்பின் நகலை கப்ஸ் ஒரு நாள் வரை வைத்திருக்கும். சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை எல்லாம் அந்தச் சின்ன கார்டில் கிடக்கும். கப்ஸ்டி அமைப்புக் கோப்பில் பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ் நோ என்று ஒரு வரி எழுதினால் அச்சானவுடன் அழிந்துவிடும். கார்டில் இடமும் மிஞ்சும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் இடிசி கோப்புறைக்குள் இருக்கும் கப்ஸ் கோப்புறையை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். கார்டு செத்தால் புதிய கார்டில் தொகுப்புகளை நிறுவி, இந்தக் கோப்புறையைத் திரும்ப வைத்தால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் கப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரிண்டர்ஸ் கோப்பை மாற்றினால் அது தன் நினைவில் உள்ளதை மேலே எழுதி மாற்றத்தை அழித்துவிடும். முதலில் சர்வீஸை நிறுத்தி, கோப்பை வைத்து, பிறகு தொடங்க வேண்டும்.

லேசர் பிரிண்டரை வேலை இல்லாத நேரத்தில் சுவர் ஸ்விட்சில் அணைக்கலாம், சர்வர் மட்டும் ஓடட்டும். வேலை வந்தால் "பிரிண்டருக்காகக் காத்திருக்கிறது" என்று வரிசையில் வைத்திருந்து, பிரிண்டரைப் போட்டதும் அனுப்பும். இங்க்ஜெட்டை மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. சுவரில் அணைத்தால் ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமலே நின்று காயலாம், அடுத்த முறை போட்டதும் சுத்தம் செய்கிறேன் என்று மையைக் குடிக்கும். அதை முன்பக்கப் பட்டனால்தான் அணைக்க வேண்டும்.